மகரக்கட்டு வரும்வரை

மகரக்கட்டு என்ற சொல்லை முதன்முதலில் என் அப்புச்சி (அம்மாவின் அப்பா) வாயில்தான் கேட்டேன். ஒன்பதாவது படிக்கும்போது மார்கழி பஜனையில் மேலே எடுத்த பாட்டு பாதியில் கிழிந்து, ஒரே தொண்டையிலிருந்து இரண்டு குரலாக வெளியே வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவனிடம் அப்புச்சி சொன்னார்: "அட உடு கண்ணு, மகரக்கட்டு. எல்லாப் பையனுக்கும் வர்றதுதான். நாடகக் கம்பெனியில இருந்திருந்தா இன்னேரம் பொட்டியக் கட்டச் சொல்லியிருப்பான்."

அந்தக் கடைசிப் பேச்சு கேலியில்லை என்பது பழைய சினிமாவைப் பற்றிப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது. பையனின் குரல் உடைவதைத்தான் மகரக்கட்டு என்பார்கள். வைத்தியத்தில் இருந்ததைவிட இந்தச் சொல் நாடகக்காரர்களிடம்தான் அதிகம் புழங்கியிருக்கும். அவர்களுக்கு அது பிழைப்புச் சமாச்சாரம்.

தமிழின் முதல் பேசும்படம் 'காளிதாஸ்' வெளியானது 1931 அக்டோபர் 31இல். அடுத்த பத்துப் பதினைந்து வருடங்களில் திரையில் தோன்றிய சிறுவர் சிறுமியரைப் பற்றி நாம் இன்றைய கணக்கில் யோசிக்கிறோம். துறுதுறுவென்ற முகம், மழலைப் பேச்சு, கேட்டவுடன் அழத் தெரிவது, இப்படி. அன்று படம் எடுத்தவர்கள் முதலில் பார்த்தது பையன் எத்தனை கட்டையில், அதாவது எவ்வளவு உயர்ந்த சுருதியில், பாடுவான் என்பதைத்தான். முகம் சுமாராக இருந்தால் அரிதாரம் இருக்கிறது. தொண்டைக்கு அரிதாரம் கிடையாது. ஒரு குழந்தை நட்சத்திரம் எத்தனை படம் நடிக்கும், எப்போது காணாமல் போகும், திரும்பி வருமா என்பதையெல்லாம் பெரும்பாலும் அந்தத் தொண்டைதான் முடிவு செய்தது.

இதற்குக் காரணம் அந்தப் பிள்ளைகள் வந்த வழி. பேசும்படம் வந்தபோது, பேசவும் பாடவும் பழகிய சிறுவர்கள் ஆயத்தமாக இருந்த ஒரே இடம், சிறுவர்களை வைத்தே நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனி. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா, சச்சிதானந்தம் பிள்ளையின் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி, நவாப் ராஜமாணிக்கத்தின் தேவி பாலவிநோத சங்கீத சபா என்று பெரிய கம்பெனிகள் பல இருந்தன. ஏழெட்டு வயதுப் பையன்களைச் சேர்த்துக்கொள்வார்கள். தங்கலும் சாப்பாடும் கம்பெனி வீட்டில். விடியற்காலையில் சாதகம், பகலில் வசனப் பாடம், ராத்திரி நாடகம். வாத்தியார் கையில் பிரம்பு இருக்கும். பாலபார்ட் என்ற சிறுவர் வேஷத்தில் ஆரம்பித்து, பெண் வேஷமான ஸ்திரீபார்ட், கதாநாயக வேஷமான ராஜபார்ட் என்று பையன் ஏறுவான். மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைத் தரை டிக்கெட்காரன் காதில் விழ வேண்டுமென்றால் உச்ச ஸ்தாயியில் பாடியாக வேண்டும். ஐந்து கட்டை சுருதி என்பது அப்போது வித்தைக்காட்டல் இல்லை. தேவை.

அந்தத் தேவையைப் பன்னிரண்டு வயதுத் தொண்டை சுலபமாகத் தீர்த்துவிடும். பதினான்கில் தீர்க்காது. அப்போது பையனுக்கு வேஷமிருக்காது. சிலர் பின்பாட்டுக்கோ எடுபிடி வேலைக்கோ போனார்கள், சிலர் ஊருக்கே போனார்கள்.

கொங்கு நாட்டின் ஊர்கள் இந்தக் கம்பெனிகளுக்கு நல்ல முகாம். கோவை, பொள்ளாச்சி, ஈரோடு, கரூர் என்று மாதக்கணக்கில் கொட்டகை போட்டு ஆடுவார்கள். பஞ்சு, மஞ்சள், மாட்டுச் சந்தை என்று கையில் காசு புழங்கும் பிரதேசம் இது. கம்பெனி ஊரை விட்டுப் போகும்போது சில சமயம் ஊர்ப் பையனும் கூடப் போய்விடுவான். 1913இல் கோவையை ஒட்டிய சிங்காநல்லூரில் பிறந்த எஸ்.வி. சகஸ்ரநாமம் அப்படிப் போனவர்தான். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுச் சிறு வயதிலேயே டி.கே.எஸ். சகோதரர்களின் பால சண்முகானந்த சபாவில் சேர்ந்தார். அந்தச் சகோதரர்களே சங்கரதாஸ் சுவாமிகளிடம் பாலர்களாகப் பயின்றவர்கள்தாம். 1935இல் அவர்களுடைய நாடகமான 'மேனகா' படமானபோது சகஸ்ரநாமமும் அதில் நடித்தார்.

வேடிக்கை என்னவென்றால், அவர் விட்டுப்போன அதே சிங்காநல்லூருக்குச் சில வருடங்களில் சினிமாவே வந்து சேர்ந்தது. மில் முதலாளி பி. ரங்கசாமி நாயுடு, ஆர்.கே. ராமகிருஷ்ணன் செட்டியார், வெரைட்டி ஹால் சாமிக்கண்ணு வின்சென்ட், எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் கூடி சென்ட்ரல் ஸ்டூடியோவைத் தொடங்கினார்கள். வின்சென்ட்டைப் பற்றித் தனியாகவே எழுதலாம். 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டி, 1914இல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டியவர். சரி, அது வேறு கதை. நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து 1932 முதல் மின்சாரம் வர ஆரம்பித்ததும் கோவையில் மில்கள் பெருகின. அதே பணமும் அதே கரண்டும்தான் ஸ்டூடியோவுக்கும் போயின. வடக்கே சேலத்தில், திருச்செங்கோட்டில் பிறந்து இங்கிலாந்துக்குப் போய் ஜவுளித் தொழில் படித்துவிட்டு வந்த டி.ஆர். சுந்தரம், ஏற்காடு போகும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸைக் கட்டினார். அவருடைய முதல் படம் 'சதி அகல்யா' 1937இல் வந்தது. ஸ்டூடியோ போய்விட்டாலும் அதன் முகப்பு வளைவு இன்னும் அந்தச் சாலையோரம் நிற்கிறது.

இந்த இரண்டு ஸ்டூடியோக்களும் மில் மாதிரியே நடந்தன. நடிகர்களும் தொழில்நுட்பக்காரர்களும் மாதச் சம்பளத்தில் இருந்தார்கள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

சிங்காநல்லூர் ஸ்டூடியோவில் எடுத்த படம் 'பிரகலாதா' (1939). பி.என். ராவ் இயக்கம். இந்திரனாக எம்.ஜி.ஆர். சின்ன வேஷத்தில் வருவார். பிரகலாதன் டி.ஆர். மகாலிங்கம், மதுரைப் பக்கம் தென்கரைக்காரர். அதற்கு முந்தின வருடம் 'நந்தகுமா'ரில் கிருஷ்ணனாக வந்து பெயர் வாங்கியிருந்தார். அப்போது அவருக்கு வயது பதினைந்து பதினாறு இருக்கும். இன்றைக்கு அந்த வயதுப் பையனைப் பிரகலாதன் என்று நிறுத்தினால் ஜனங்கள் ஏற்பார்களா தெரியாது. அன்று ஏற்றார்கள், ஏனென்றால் அவர்கள் பிரகலாதனைக் கேட்க வந்தவர்கள். துருவன், லவகுசர்கள், லோகிதாசன், மார்க்கண்டேயன் என்று புராணத்தில் சிறுவர்களுக்குக் குறைவே இல்லை. இவர்களில் யாருக்குத் துன்பம் வந்தாலும் உடனே ஒரு பாட்டு வரும். யானை மிதிக்க வந்தால் ஒன்று, பாம்பு கடிக்க வந்தால் ஒன்று.

அந்தக் காலத்தில் பாட்டை எடுத்த விதத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் தொண்டைக்கு ஏன் இத்தனை மரியாதை என்று புரியாது. பேசும்படத்தின் முதல் வருடங்களில் நடிப்பும் பாட்டும் ஒரே நேரத்தில் பதிவாகும். படச்சட்டத்துக்கு வெளியே, மரத்துக்கோ திரைச்சீலைக்கோ பின்னால், ஆர்மோனியக்காரரும் பிடில்காரரும் உட்கார்ந்திருப்பார்கள். தலைக்கு மேல் மைக் தொங்கும். கேமரா இரைச்சல் கேட்காமலிருக்க அதைப் போர்த்தி வைப்பார்கள். ஃபேன் போட முடியாது, அதுவும் சத்தம். விளக்குச் சூட்டில், கிரீடமும் ஜரிகையும் போட்டுக்கொண்டு, ஒரு சிறுவன் மைக் எட்டும் இடத்தை விட்டு நகராமல், முகத்தில் பக்தியைக் காட்டிக்கொண்டே சுருதி விலகாமல் பாட வேண்டும். நடுவில் காக்காய் கத்தினால் மறுபடி முதலிலிருந்து. பிலிம் வீணானால் முதலாளி முகம் மாறும். வீட்டில் தூக்கி வளர்த்த செல்லப் பிள்ளையை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. கம்பெனியில் பிரம்படி பட்டுப் பழகிய பையனால்தான் முடியும்.

மகாலிங்கத்தின் அதிர்ஷ்டம், பால்யம் போன பிறகும் அவர் குரலின் உச்சம் போகவில்லை. அப்படியிருந்தும் 1945இல் 'ஸ்ரீவள்ளி' வந்து கதாநாயகனாக நிலைக்கும்வரை நடுவில் ஆறு வருடம் உண்டு. பையனாகவும் நிற்க முடியாமல், ராஜபார்ட்டுக்கும் முழுசாகப் போதாமல் இருக்கும் இடைக்காலம். ஒரு சிறுவர் நடிகரின் வாழ்க்கையில் சிக்கலான கட்டம் இதுதான். பலர் இதைத் தாண்டவேயில்லை.

தாண்டியவர்களில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் பி.யு. சின்னப்பா. புதுக்கோட்டைக்காரர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பாட்டுக்காகவே கூட்டம் சேர்த்த பையன். மகரக்கட்டு வந்தது, கம்பெனியை விட்டு வெளியே வந்தார். அந்த நாட்களில் சிலம்பமும் உடற்பயிற்சியுமாகத் தேகத்தைத் தேற்றினார். நடுவில் சில படங்களில் தலை காட்டியும் எதுவும் பெரிதாக எடுபடவில்லை. 1940இல் டி.ஆர். சுந்தரம் சேலத்துக்குக் கூப்பிட்டு 'உத்தமபுத்திர'னில் இரட்டை வேஷம் கொடுத்தார். அதற்குப் பிறகு ஓட்டம்தான். 1941இல் ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா நிறுவனத்துக்காக 'ஆர்யமாலா', 1942இல் மறுபடி மாடர்ன் தியேட்டர்ஸ் 'மனோன்மணி', 1944இல் பட்சிராஜாவுக்கு 'ஜகதலப்ரதாபன்'. குரல் உடைந்து வீட்டுக்குப் போன பையன், உடைந்து மீண்டும் கூடிய வேறொரு குரலோடு, சேலத்துக்கும் கோவைக்கும் நடுவேதான் நட்சத்திரமானார். 'உத்தமபுத்திர'னில் காமெடி செய்த காளி என். ரத்னம், பாய்ஸ் கம்பெனியில் சின்னப்பாவுக்கும் எம்.ஜி.ஆருக்கும் பாடம் சொல்லிக் கொடுத்தவர். வாத்தியாரும் மாணவனும் சேலத்தில் ஒரே முதலாளியின் படத்தில்.

மாதச் சம்பளத்தை ஞாபகம் வைக்கச் சொன்னது இதற்குத்தான். படத்துக்குப் படம் பேரம் பேசும் இடத்தில் இடைக்காலத்துப் பையனுக்கு இடமில்லை. ஆண்டு முழுக்கப் படமெடுத்துக்கொண்டிருந்த ஸ்டூடியோவில் சின்னச் சின்ன வேஷம் ஏதாவது இருந்துகொண்டே இருக்கும். சோறு போடும், தொழிலும் மறக்காது. எம்.ஜி.ஆர். ஏழு வயது வாக்கில் கம்பெனியில் சேர்ந்தார். 1936 'சதிலீலாவதி'யில் திரைக்கு வந்தார். கதாநாயகனானது 1947இல், ஜூபிடர் படக் கம்பெனியின் 'ராஜகுமாரி'யில், கோவை சென்ட்ரல் ஸ்டூடியோவில். பதினோரு வருடக் காத்திருப்பு. கொங்கு நாட்டு ஸ்டூடியோக்கள் திறமையைக் கண்டுபிடித்தன என்று பெருமை பேசுவது வழக்கம். என் கணக்கில் அவை செய்த பெரிய காரியம் காத்திருக்க இடம் கொடுத்ததுதான்.

பெண் பிள்ளைகளின் கதை வேறு மாதிரி. அவர்கள் குரல் அப்படி உடைவதில்லை. அதனால் இடைக்காலமும் இல்லை, நேரே பெரிய மனுஷியாகிவிட வேண்டியதுதான். 1908இல் கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாள் வறுமையில் ரயிலில் பாடியதும், அதைக் கேட்டவர்கள் வேலு நாயர் நாடகக் கம்பெனிக்குச் சேர்த்துவிட்டதும் கொங்கு நாட்டில் எல்லா வீட்டிலும் சொல்லும் கதை. 'நல்லதங்கா'ளில் பசியில் அழும் பிள்ளையாகத் தொடங்கியவர். அந்தப் பசியை நடிக்க யாரும் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியதில்லை என்று எங்கள் அம்மாயி சொல்வாள். பதினெட்டு வயதிலேயே இலங்கை மேடைகளில் எஸ்.ஜி. கிட்டப்பாவுக்கு ஜோடி. கணவரான கிட்டப்பா 1933இல் இறந்த பிறகு மேடையை விட்டு ஒதுங்கியிருந்தவரை, 1935இல் 'நந்தனா'ருக்காக ஒரு லட்சம் ரூபாய் பேசித் திரைக்குக் கொண்டுவந்தார்கள். லட்சம் என்பது அன்று நம்ப முடியாத தொகை. நந்தனாரே ஆண் வேஷம். சுந்தராம்பாளின் முகத்துக்கோ உருவப் பொருத்தத்துக்கோ கொடுத்த காசு அது இல்லை.

கொடுமுடியிலிருந்து ஈரோட்டுக்குப் போகும் வழியில் ஊஞ்சலூர். அங்கே பிறந்தவர் யு.ஆர். ஜீவரத்தினம். 'யு' என்ற எழுத்துக்குள் இருப்பது ஊஞ்சலூர்தான். பதின்வயதில் மாடர்ன் தியேட்டர்ஸின் 'பக்த கௌரி'யில் (1941) கதாநாயகி. அடுத்த வருடம் 'கண்ணகி'யில் கவுந்தியடிகள். மதுரைக்கு வழிகாட்டிப் போகும் மூத்த சமணத் துறவி வேஷத்தில் ஒரு இளம்பெண்! கண்ணாம்பா கண்ணகி, சின்னப்பா கோவலன், அவர்களுக்கு உபதேசம் சொல்லும் இடத்தில் இவர். குரலில் கனமிருந்தால் வயது ஒரு தடையில்லை என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

இந்தப் பாட்டுப் பிள்ளைகளுக்கு நடுவே 1937இல் ஒரு புது மாதிரிக் குழந்தை வந்தது. கே. சுப்ரமணியம் எடுத்த 'பாலயோகினி'யில் அவருடைய தம்பி மகள் பேபி சரோஜா. கம்பெனி வாசனையே படாத குழந்தை. வீட்டில் பேசுகிற மாதிரி திரையிலும் பேசியது. ஜனங்கள் பைத்தியமானார்கள். ஹாலிவுட்டில் ஷெர்லி டெம்பிள் வசூலில் முதலிடத்தில் இருந்த வருடங்கள் அவை, உடனே இந்தியாவின் ஷெர்லி டெம்பிள் என்றார்கள். ஊருக்கு ஊர் பெண் குழந்தைகளுக்குச் சரோஜா என்று பெயர் வைத்தார்கள். எங்கள் சொந்தத்திலேயே அந்த வயதுச் சரோஜாக்கள் மூன்று பேர். 'தியாகபூமி' (1939), 'காமதேனு' (1941), அத்துடன் சரி. மொத்தம் நான்கைந்து வருடம். அவருக்குப் பத்து வயது ஆவதற்குள் முடிந்துவிட்டது. யுத்தத்தில் பிலிமுக்குத் தட்டுப்பாடு வந்து, படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று சர்க்கார் கட்டுப்படுத்தியதெல்லாம் அதற்கு அடுத்தாற்போல் வந்தவை.

சேலத்திலும் அதே சமயம் இப்படி ஒரு முயற்சி நடந்தது. மலையாளத்தின் முதல் பேசும்படம் 'பாலன்' (1938) மாடர்ன் தியேட்டர்ஸில் எடுக்கப்பட்டது. இயக்கியவர் எஸ். நொட்டாணி. பெற்றோரை இழந்த பாலனும் அவன் தங்கையும் சிற்றன்னையிடம் படும் பாடுதான் கதை. தெய்வப் பிள்ளை போய் அனாதைப் பிள்ளை வந்துவிட்டான். பிரகலாதனைப் பார்த்துக் கும்பிடுவார்கள், பாலனைப் பார்த்து அழுவார்கள். அழ வைக்க ஐந்து கட்டை தேவையில்லை.

தொண்டையின் ஆட்சி முடிந்தது பின்னணிப் பாட்டால்தான். ஏவி.எம். 'நந்தகுமா'ரிலேயே அதன் ஆரம்பம் இருந்தது. 'ஸ்ரீவள்ளி' வெளியான பிறகு கதாநாயகி ருக்மிணியின் பாட்டுகளை எடுத்துவிட்டு, பி.ஏ. பெரியநாயகியின் குரலைச் சேர்த்து மறுபடி ஓட்டினார்கள். 1947 'நாம் இருவ'ரில் குமாரி கமலா ஆடினார், பாடியது டி.கே. பட்டம்மாளும் எம்.எஸ். ராஜேஸ்வரியும். இனிக் குழந்தைக்குப் பாடத் தெரிய வேண்டாம். நல்லது என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அதுவரை குழந்தையின் கையில் இருந்த ஒரே சொத்து அந்தக் குரல். பாட்டைக் கழற்றி வேறொருவரிடம் கொடுத்தபின் மிஞ்சுவது உயரமும் கன்னமும். இரண்டும் இரண்டு வருடத்தில் மாறிவிடும். பிறகு வேறு குழந்தை.

ஈரோட்டில் பழைய புத்தகம் விற்கும் ஒருவரிடம் அந்தக் காலத்துப் பாட்டுப் புத்தகங்கள் சில வாங்கினேன். கொட்டகை வாசலில் விற்றவை. மொடமொடவென்று உடையும் தாள், துருப்பிடித்த கம்பி. நடிகர் பட்டியலில் பெரியவர்கள் எல்லோருக்கும் ஊரும் தகப்பன் பேரும் இனிஷியலாக நிற்கின்றன. கே.பி. என்றால் கொடுமுடி பாலாம்பாள், அது தாயார் பெயர். பட்டியலின் அடியில் மட்டும் வெறும் 'மாஸ்டர்' இன்னார், 'பேபி' இன்னார். ஊரும் இல்லை, தகப்பனும் இல்லை. ஒரு பெயருக்கு மேல் யாரோ பென்சிலால் டிக் அடித்திருக்கிறார்கள். அந்தப் பையனைத் தெரிந்தவராக இருக்கலாம், பாட்டுப் பிடித்தவராக இருக்கலாம். இன்று அந்த ஒற்றைப் பெயரை வைத்துக்கொண்டு யாரையும் தேட முடியாது.

காசும் அப்படித்தான். 1934ஆம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டப்படி கோவை மில்லில் பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையைச் சேர்க்கக்கூடாது, பதினைந்துக்குள் இருந்தால் நாளைக்கு ஐந்து மணி நேரம்தான் வேலை வாங்கலாம். விடிய விடிய ஆடிய பாலபார்ட்டுக்கு அப்படி ஒரு கணக்கு கிடையாது. அமெரிக்காவில் ஜாக்கி கூகன் என்ற பழைய குழந்தை நட்சத்திரம் தன் பால்ய சம்பாத்தியம் பெற்றவர்களிடம் கரைந்துபோனதைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோக, 1939இல் கலிபோர்னியாவில் அவர் பெயராலேயே ஒரு சட்டம் வந்தது. நம்மிடம் ஐந்து மணி நேரம், வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு பிள்ளையின் பெயரில் வங்கியில் டெபாசிட் என்று விதி எழுதியது 2017இல். மில்லில் எழுதிய அதே ஐந்து மணி நேரம் ஸ்டூடியோவுக்கு வர எண்பத்து மூன்று வருடம் ஆகியிருக்கிறது.

1960இல் 'களத்தூர் கண்ணம்மா'வில் கமல்ஹாசன் என்ற ஐந்து வயதுப் பையன் பாடினான் என்று ஊரே உருகியது. பாடியவர் எம்.எஸ். ராஜேஸ்வரி. பையன் வளர ஆரம்பித்தான், சினிமாவில் வேலை குறைந்தது. அப்போது அவனைக் கொண்டுபோய்ச் சேர்த்தது, டி.கே.எஸ். சகோதரர்களில் ஒருவரான டி.கே. சண்முகத்தின் நாடகக் குழுவில்.